ஆடியவர்களும் பார்த்தவர்களும்: விஷுவல் நாவல் அனிமேக்கள் ஏன் ஓயாத சண்டையாகின்றன

2003-ல் ஜே.சி. ஸ்டாஃப் நிறுவனம் தயாரித்த ‘ட்சுகிஹிமே’ அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) 12 எபிசோடுகள் கொண்டது. ஆனால் அதற்கு மூலமான விஷுவல் நாவல் விளையாட்டை ஆடியவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டால், “அப்படி ஒரு தொடர் வரவே இல்லையே” என்று ஒன்றும் தெரியாதவர்போல் சொல்வார்கள். இருபது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் கேலி இது. மூலத்தில் ஐந்து நாயகிகளுக்கு ஐந்து கதைகள். தொடர் பெரும்பாலும் ஒருத்தியின் கதையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை ஓரங்கட்டிவிட்டது. போதாக்குறைக்கு, கர்ரி என்றால் உயிரை விடும் நாயகி சியேலை ஸ்பகெட்டி சாப்பிட வைத்தார்கள். ஐந்து கதைகள் ஒன்றானதைக்கூட மன்னித்தவர்கள் உண்டு. அந்த ஸ்பகெட்டியை மன்னித்தவர்கள் குறைவு.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ‘நாவலைப் படமாக்கிக் கெடுத்துவிட்டார்கள்’ என்ற பழைய புலம்பலாகவே தோன்றும். ஆனால் நாவல் வாசகர்கள் எத்தனை பேர் இருந்தாலும் அவர்கள் படித்தது ஒரே நாவல். விஷுவல் நாவல் ஆடியவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஒருவர் முதலில் எந்தப் பெண்ணின் பக்கம் நின்றார், எந்தத் தெரிவில் தடுக்கி விழுந்தார், எந்த முடிவைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் விளையாட்டைத் தொடாமல் இருந்தார் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். அனிமே அவற்றில் ஒன்றை எடுத்து, ‘இதுதான் நடந்தது’ என்று அறிவித்துவிடுகிறது. சண்டை அங்கே தொடங்குகிறது.

ஆடாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். திரையில் பின்னணிப் படம், அதன்மேல் பாத்திரங்களின் உருவம், கீழே எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் ஒரு கிளிக். சில இடங்களில் இரண்டு மூன்று தெரிவுகள் வரும். எதை அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கதை ஒரு ரூட்டில் பிரியும். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி ஆடி வேறு ரூட்டைப் பிடிக்க வேண்டும். டைப்-மூன் நிறுவனம் 2004-ல் வெளியிட்ட ‘ஃபேட்/ஸ்டே நைட்’டில் மூன்று ரூட்டுகள்: ஃபேட், அன்லிமிடெட் பிளேட் வொர்க்ஸ், ஹெவன்ஸ் ஃபீல். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும். மூன்றையும் படித்து முடிக்க 50 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 24 எபிசோடு அனிமேவில் தொடக்க, இறுதிப் பாடல்களைக் கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ எட்டரை மணி நேரம்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, ‘நேரம் போதவில்லை, அதனால்தான் கெடுகிறது’ என்று பலரும் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். நேரம் தாராளமாகக் கிடைத்தும் சொதப்பிய தொடர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் சாதித்தவையும் உண்டு. மூலத்தின் கிளைகள் எப்படிப் பிரிகின்றன, ஒரு ரூட்டில் தெரிந்துகொண்டதை அடுத்த ரூட்டுக்கு ஆடுபவர் எப்படிச் சுமந்து செல்கிறார் என்பதுதான் பெரிய கேள்வி. தொடரின் வெற்றி தோல்வி பெரும்பாலும் அதில்தான் தீர்மானமாகிறது. (இனி வரும் பத்திகளில் பல கதைகளின் முடிவுகள் வெளிப்படும், தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

‘ஸ்டைன்ஸ்;கேட்’ இதற்கு எளிய உதாரணம். 2009-ல் வந்த அந்த விளையாட்டில் வழக்கமான தெரிவுப் பட்டியலே கிடையாது. நாயகன் ஒகாபேயின் கைப்பேசிதான் கருவி. கடந்த காலத்துக்கு அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாக அவன் ரத்து செய்துகொண்டே வர வேண்டும். ஓர் இடத்தில் ரத்து செய்ய மனம் வராமல் நின்றுவிட்டால் அங்கேயே ஒரு முடிவு வந்துவிடும். துணிந்து அனுப்பினால் கதை முன்னே நகரும். நேராகப் போகும் ஒரே சாலை, அதிலிருந்து இடையிடையே விலகும் சந்துகள். 2011-ல் ஒயிட் ஃபாக்ஸ் அதை 24 எபிசோடுகளாக எடுத்தபோது சந்துகளை விட்டுவிட்டுச் சாலையைப் பிடித்துக்கொண்டது. எதையும் பிய்த்து ஒட்ட வேண்டிய தேவை வரவில்லை. விளையாட்டில் கடைசி முடிவை எட்ட, நாயகி குரிசுவின் மின்னஞ்சல்களுக்குச் சரியானபடி பதில் அனுப்பியிருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க முடியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். அனிமேவில் அந்தத் தொல்லை இல்லை. ‘மூலத்தைவிட அனிமே மேல்’ என்று ஆடியவர்களே தயங்காமல் சொல்லும் அபூர்வமான தொடர்களில் இதுவும் ஒன்று.

எல்லாக் கதைகளுக்கும் இந்த வசதி வாய்ப்பதில்லை. கீ நிறுவனத்தின் ‘கானோன்’ (1999) விசிறிபோல் விரியும் கதை. ஐந்து பெண்கள், ஐந்து துயரங்கள். ஒருத்தியின் ரூட்டில் இருக்கும்போது மற்றவர்களின் நிலை என்னவாயிற்று என்று விளையாட்டு பெரிதாகப் பேசாது. 2006-ல் கியோட்டோ அனிமேஷன் இதை 24 எபிசோடுகளில் எடுத்தபோது ஐவரின் கதைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. வேலைப்பாடு நேர்த்தியானது, மறுக்க முடியாது. ஆனாலும் ஒரு நெருடல். மகோதோ கண்முன் மறைந்துபோகிறாள். பார்க்கும் நாம் அழுகிறோம். அடுத்த வாரமே நாயகன் யூஇச்சி இன்னொரு பெண்ணின் சிக்கலைத் தீர்க்கக் கிளம்பிவிடுகிறான். விளையாட்டில் அது இன்னொரு தொடக்கத்திலிருந்து வரும் இன்னொரு யூஇச்சி. அனிமேவில் அவன் ஒருவன்தான். அவன் துக்கம் எங்கே போயிற்று என்ற கேள்வி எழாமல் இருக்காது. முடிவில் பெரும்பாலோர் பிழைத்துவிடுவதும் அப்படித்தான்: ஒரு ரூட்டுக்கு ஒன்று என்று இருந்த அற்புதம் மொத்த விநியோகமாகிவிட்டது.

அதே இரு நிறுவனங்களின் ‘கிளானாட்’ இதைவிட ஆழமான வழக்கு. ரசிகர்கள் இன்றுவரை அடித்துக்கொள்ளும் விஷயம், அதன் இரண்டாம் பருவமான ‘ஆஃப்டர் ஸ்டோரி’யின் முடிவு நியாயமானதா என்பது. நாயகி நாகிசா பிரசவத்தில் இறக்கிறாள். சில ஆண்டுகள் கழித்து மகள் உஷியோவும் பனியில் தந்தையின் கைகளில் உயிர் விடுகிறாள். பிறகு திடீரென்று காலம் திரும்பி, நாகிசா பிழைத்துவிடுகிறாள். அனிமே மட்டும் பார்த்தவர்களில் ஒரு சாரார் இதை ஏமாற்று வேலை என்கிறார்கள்: அழவைக்கும்வரை அழவைத்துவிட்டு, துணிவில்லாமல் பின்வாங்கிவிட்டார்களாம்.

ஆடியவர்களுக்கு இந்தக் குற்றச்சாட்டே புரியாது. ஏனென்றால் விளையாட்டில் அந்த முடிவு சும்மா வருவதில்லை. நகரத்தில் இருக்கும் ஒவ்வொருவரின் கதையையும் ஆடி, அவர்களுடைய வாழ்க்கையைச் சீராக்கினால் ஓர் ஒளித்துளி கிடைக்கும். ஃபூகோவுக்காக ஒரு முறை, கோதோமிக்காக ஒரு முறை என்று பல தடவை தொடக்கத்துக்குத் திரும்பி இவற்றைச் சேர்க்க வேண்டும். துளிகள் சேராமல் கடைசிக்கு வந்தால் சோகம் சோகமாகவே முடியும். எல்லாம் சேர்ந்தபின் கிடைக்கும் அற்புதம், இத்தனை மணி நேரம் மற்றவர்களுக்காக உழைத்தவருக்கு நகரம் திருப்பித் தருவது. கடன் தீர்ந்த கணக்கு அது. வானத்திலிருந்து விழுந்த வரமாக ஆடியவர் அதைப் பார்ப்பதில்லை.

அனிமேவிலும் ஒளித்துளிகள் வருகின்றன. ஏறக்குறைய யாரும் இல்லாத ஒரு வேற்றுலகின் காட்சிகளும் இடையிடையே வருகின்றன. ஆனால் அங்கே அவை அலங்காரம்போல மிதந்து போகின்றன. அவற்றைத் தேடிப் பிடித்த களைப்பு பார்ப்பவருக்கு இல்லை. ஆகவே ஒரே முடிவு ஒரு கூட்டத்துக்குக் கூலியாகவும் இன்னொரு கூட்டத்துக்குச் சலுகையாகவும் தெரிகிறது. இரு தரப்பும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள். காட்சிக்குக் காட்சி எவ்வளவு விசுவாசமாக எடுத்தாலும் இந்த இடைவெளி அடையாது. இன்னொரு குறையைக் கியோட்டோ அனிமேஷனே உணர்ந்திருந்தது என்று நினைக்கிறேன். தொடரில் காதல் கைகூடாமல் போன தோமோயோவுக்கும் கியோவுக்கும் தனித்தனியே ஒரு கூடுதல் எபிசோடு எடுத்து, ‘இது வேறொரு உலகம்’ என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். முழு ரூட்டை அரைமணி நேரத்தில் அடக்கிய அவற்றைப் பார்த்தால் ஆறுதல் பரிசு போலத்தான் இருக்கும்.

‘ஃபேட்’ பக்கம் வருவோம். 2006-ல் ஸ்டூடியோ டீன் எடுத்த தொடர் முதல் ரூட்டை முதுகெலும்பாக வைத்து, மற்ற இரண்டிலிருந்தும் சில துண்டுகளை எடுத்து ஒட்டியது. ரசிகர்களின் கோபத்துக்கு முதல் காரணம் அந்த ஒட்டுவேலை, இரண்டாவது, நாயகன் ஷிரோ. விளையாட்டில் நாம் அவன் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறோம். பெருந்தீயில் தான் மட்டும் பிழைத்த குற்ற உணர்வு, பிறரைக் காக்காவிட்டால் தனக்கு வாழ உரிமையில்லை என்ற நினைப்பு, இவை பக்கம் பக்கமாக ஓடும். அந்த உள்பேச்சை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, தன்னைவிடப் பல மடங்கு பலசாலியான வீராங்கனையைப் பார்த்து ‘நீ சண்டை போடாதே’ என்று தடுக்கும் ஓர் அசட்டுப் பிள்ளை. அனிமே ரசிகர்களிடையே ஷிரோவுக்கு நெடுங்காலம் இருந்த கெட்ட பெயருக்கு அவன் பொறுப்பாளி இல்லை.

யுஃபோடேபிள் நிறுவனம் 2014-ல் இரண்டாவது ரூட்டைத் தனித் தொடராக எடுத்தது. மூன்றாவதை 2017, 2019, 2020 ஆண்டுகளில் மூன்று படங்களாக எடுத்தது. ஒட்டுவேலை கிடையாது, ஒரு ரூட்டுக்கு ஒரு படைப்பு. முதல் படத்தில் செய்த ஒரு காரியத்தை நான் மிகவும் ரசிக்கிறேன். ஷிரோ மந்திரவாதிகளின் போரில் மாட்டிக்கொள்வதும் வீராங்கனை சேபரை வரவழைப்பதும் எல்லா ரூட்டுக்கும் பொதுவான நிகழ்வுகள். தொலைக்காட்சித் தொடரில் இவற்றுக்கு எபிசோடு கணக்கில் நேரம் கொடுத்திருந்தார்கள். படத்திலோ அவை பெயர்கள் ஓடும் நேரத்தில், வசனமின்றி, மின்னல் வேகத்தில் போய்விடுகின்றன. மிச்சப்பட்ட நேரத்தை, காயப்பட்ட ஷிரோவின் வீட்டுக்கு, இந்த ரூட்டின் நாயகி சகுரா முதன்முதலாக வரத் தொடங்கிய நாட்களுக்குக் கொடுத்தார்கள். விளையாட்டில் ஏற்கனவே படித்த பகுதியை ஆடுபவர் விரைவுபடுத்திக் கடந்துவிடுவார். அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. படம் அந்தப் பொத்தானை அழுத்துகிறது. ‘நீ முந்தையதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாய்’ என்று பார்வையாளரை நம்புகிறது. நேராக இந்தப் படத்துக்கு வந்தவர்கள் திணறிப்போனார்கள் என்பதும் உண்மைதான்.

ஆனால் யுஃபோடேபிளாலும் கொண்டுவர முடியாத ஒன்று இரண்டாவது படத்தில் இருக்கிறது. சகுரா உயிரோடு இருந்தால் பலர் சாவார்கள் என்று ஷிரோவுக்குத் தெரிகிறது. மழையில் அவளைத் தேடிப் போகிறான். விளையாட்டு இங்கே நம்மிடம் கேட்கிறது: வளர்ப்புத் தந்தையிடமிருந்து பெற்ற, எல்லாரையும் காக்கும் லட்சியமா, இந்தப் பெண்ணா? லட்சியம் என்று அழுத்தலாம். அழுத்தினால் கதை வழக்கமான தோல்வியாக முடியாது. ஷிரோ தன் மனத்தை இரும்பாக்கிக்கொண்டு, தந்தையைப் போன்ற ஒருவனாக மாறிப்போகும் சுருக்கமான, குளிர்ந்த முடிவு வரும். தெரிவை அழுத்தும் நம் கை இரண்டு ரூட்டுகளாக அந்த லட்சியத்துக்குப் பக்கபலமாக நின்றது. இப்போது அதே கை லட்சியத்தைக் கைவிட வேண்டும். படத்தில் ஷிரோ அவளை மழையில் அணைத்துக்கொள்கிறான். காட்சி அழகு, இசை அழகு, ஒரு குறையும் இல்லை. ஆனால் அவன் வேறு விதமாகவும் முடிவெடுத்திருக்கலாம் என்ற பயம் அந்த அரங்கில் யாருக்கும் இல்லை. காதலன் காதலியைத் தேர்ந்தெடுப்பது படங்களில் நடப்பதுதானே.

முந்தைய ரூட்டின் நினைவைச் சுமக்கவைப்பது அனிமேவால் முடியவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2020-ல் வந்த ‘ஹிகுராஷி’ அனிமே ஒரு வித்தை காட்டியது. 2006-ல் வெளியான தொடரின் மறு ஆக்கம் என்ற தோற்றத்தில்தான் அது தொடங்கியது. அதே கிராமம், 1983-ன் அதே ஜூன் மாதம். இரண்டாவது எபிசோடில்தான் ‘கோ’ என்ற பெயர் வெளிப்பட்டு, இது மறு ஆக்கமில்லை, தொடர்ச்சி என்று தெரிந்தது. பழைய கதையை அறிந்தவர்கள் ‘அடுத்து இது நடக்கும்’ என்று காத்திருக்க, வேறொன்று நடந்தது. அந்த ஜூன் மாதத்தைத் திரும்பத் திரும்ப வாழும் ரிகாவுக்கும் திரையில் அதே அதிர்ச்சி. பார்வையாளரின் பதினான்கு வருட நினைவையே முதல் ரூட்டாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும்தான். உத்தி மட்டும் கெட்டிக்காரத்தனமானது.

அதே ஆசிரியர் ரியூகிஷி07-ன் ‘உமினேகோ’வுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. எட்டுப் பாகங்களில் முதல் நான்கை 2009-ல் 26 எபிசோடுகளாக எடுத்து நிறுத்திவிட்டார்கள்: கேள்விகள் எல்லாம் வந்துவிட்டன, விடைகள் வரவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அந்தக் கதை எழுத்தின்மேல் கட்டப்பட்டது. கடைசிப் பாகத்தைத் தவிர இதில் தெரிவுகளே இல்லை. தீவில் நடக்கும் கொலைகளைச் சூனியக்காரி செய்ததாகக் கதை சொல்கிறது. நம்பலாமா கூடாதா என்பதே ஆட்டம். சிவப்பு எழுத்தில் வரும் வாக்கியம் மட்டும் மறுக்க முடியாத உண்மை. மற்ற வரிகள் பொய் சொல்லலாம். எழுத்தில் பொய்யைப் படிக்கும்போது ‘யார் இதைச் சொல்வது?’ என்று சந்தேகிக்க இடம் இருக்கிறது. அதையே அசையும் படமாகக் காட்டினால் கண் பார்த்ததை நம்பிவிடுகிறது. மாயாஜாலச் சண்டைகள் நிறைந்த குழப்பமான தொடர் என்று அனிமேவைப் பார்த்தவர்கள் ஒதுக்குவதில் வியப்பில்லை. இந்தக் கதையில் மட்டும் ரசிகர்களிடையே சண்டை குறைவு. அனிமேவை விட்டுவிடு, விளையாட்டையோ மாங்காவையோ (சித்திரக்கதை) படி என்பதில் அநேகமாக எல்லாரும் ஒரே கட்சி.

எழுத்து போனால் நாயகனே காணாமல் போகும் கதைகளும் உண்டு. பெண்களுக்காக உருவான ‘அம்னீஷியா’ விளையாட்டில் நாயகி நினைவை இழந்தவள். ஏறக்குறைய பேசவே மாட்டாள். அந்த மௌனம் ஆடுபவர் உட்கார ஒதுக்கிய நாற்காலி. 2013 அனிமேவில் நாற்காலி காலியாகவே கிடந்தது: எல்லாரும் அவளை இழுத்துப் போகிறார்கள், அவள் விழித்துப் பார்க்கிறாள்.

எதை விடுவது என்று துணிந்து முடிவெடுத்தவர்கள்தான் பெரும்பாலும் பிழைத்திருக்கிறார்கள். ‘ஒயிட் ஆல்பம் 2’ அனிமே (2013) மூலத்தின் முன்கதையை மட்டும் 13 எபிசோடுகளில் சொன்னது. அந்தப் பகுதியில் கிளைகளே இல்லை. மூவர், ஒரு குளிர்காலம், விமான நிலையப் பிரிவு. பிந்தைய பெரிய கதை இல்லையே என்று ஆடியவர்கள் ஏங்கினாலும் எடுத்ததில் குறை சொன்னவர்கள் குறைவு. ‘அமகாமி எஸ்எஸ்’ (2010) வேறு வழி கண்டது: ஒரு பெண்ணுக்கு நான்கு எபிசோடு, முடிந்ததும் கதை மீண்டும் தொடக்கத்துக்கு. கேட்கும்போது விளையாட்டின் நேர் நகல்போல இருக்கும் இந்த முறையை ஏன் இன்னும் பலர் கையாளவில்லை என்பது எனக்குப் புதிர்தான். ‘கிரிசாயா’ (2014) இதற்கு நேர்மாறு. யாரையும் விட மனமில்லாமல் ஐந்து பெரிய ரூட்டுகளை 13 எபிசோடுகளில் அடைத்தது. அமனே என்ற நாயகியின் கதைக்குப் பல எபிசோடுகள் கிடைத்தன. மற்றவர்களின் வாழ்க்கைத் துயரம் அவசர அவசரமாகத் தொடங்கி அவசரமாகத் தீர்ந்தது. அந்த அமனே பகுதி மட்டும் நன்றாக இருப்பதே மற்றவற்றுக்கு எதிரான சாட்சி. ‘மவ்-லவ் ஆல்டர்னேடிவ்’ (2021) முதல் விளையாட்டையே தாண்டிக் குதித்து இரண்டாவதில் தொடங்கியது; அந்தக் கலகலப்பான பள்ளி நாட்களைப் பார்க்காதவருக்கு அவற்றை இழந்தவனின் வலி எப்படித் தைக்கும்?

இந்த முடிவுகளை இயக்குநர் மட்டும் எடுப்பதில்லை. அனிமேவுக்குப் பணம் போடுவது பல நிறுவனங்கள் சேர்ந்த தயாரிப்புக் குழு. 12 அல்லது 13 வாரம் என்ற ஒளிபரப்புக் கட்டத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டும். விளையாட்டு நிறுவனத்துக்கு அனிமே பல சமயம் விளம்பரமும்கூட. எல்லா நாயகிகளுக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள், எல்லாருடைய பொம்மைகளும் விற்க வேண்டும் என்னும்போது, ஒருத்தியை மட்டும் எடுத்துக்கொள்ள எத்தனை பேருக்குத் துணிவு வரும்? தவிர, இவற்றில் பல விளையாட்டுகள் முதலில் வயது வந்தோருக்கென்று வெளியானவை. தொலைக்காட்சிக்கு வரும்போது அந்தக் காட்சிகள் போய்விடும். ஆடியவர்களில் பெரும்பாலானோர் அதற்காக அழுவதில்லை.

‘முதலில் ஆடுவதா, பார்ப்பதா?’ என்று புதியவர் கேட்டவுடன் எழும் கூச்சலில், எல்லாவற்றுக்கும் ‘மூலம்தான்’ என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. ‘ஸ்டைன்ஸ்;கேட்’டை அனிமேவில் தொடங்குவதால் பெரிய நஷ்டமில்லை. அதன் 23-ஆவது எபிசோடின் மாற்று வடிவம் 2015 மறுஒளிபரப்பில் வந்தது. அதில் ஒகாபே தோற்று, முயற்சியைக் கைவிடுகிறான். தொடரை முடித்தபின் அதையும் பார்த்தால், விளையாட்டில் ஒரு சந்துக்குள் போய் முட்டிக்கொண்ட அனுபவம் கொஞ்சமாவது கிடைக்கும். ‘ஃபேட்’டில் 2014 தொடரைப் பார்த்துவிட்டு மூன்று படங்களுக்குப் போகலாம், ஷிரோவின் தெரிவு ஏன் அவ்வளவு கனக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பிறகு விளையாட்டு இருக்கிறது. ‘கிளானாட்’டுக்கு நேரம் இருப்பவர் ஆடட்டும், இல்லாதவர் பார்க்கட்டும், முடிவைக் கண்டு கோபப்படும் முன் அந்த ஒளித்துளிகள் எங்கெங்கே வந்தன என்று மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்க்கட்டும். ‘உமினேகோ’வுக்கு எந்தக் குறுக்குவழியும் இல்லை. உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும்.